மேலேயா, கீழேயா? நீலகிரித் தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக வருபவருக்கு

சமவெளியில் தீயணைப்பு வண்டி பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே போய் நின்றுவிடும். நீலகிரியில் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் வேலையே தொடங்குகிறது. சாலைக்கு மேலே நூறு படி ஏறிப் போனால் எரியும் வீடு இருக்கும். இல்லையென்றால் தேயிலைச் சரிவுக்குக் கீழே, சாலையிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு லைன் வீட்டிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து, புகை எழும்பும். தாம்பரத்தில் பயிற்சியை முடித்து, பணியிட ஆணையோடு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று பல ஆண்டுகள் வேலை பார்த்தபோது மூத்தவர்கள் வாய்வழியாக எனக்குச் சொல்லித் தந்தவை இவை. யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு புதியவரும் முதலிலிருந்து கற்கிறார். அப்படிக் கற்கும் நேரத்தில் யாரோ ஒருவரின் வீடு எரிகிறது.

முதல் வாரம்: மூச்சும் உடுப்பும்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். உடல்திறன் தேர்வில் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடித்தவருக்கும் முதல் நாள் காலையில் நெஞ்சு இறுகும். அதைப் பலவீனம் என்று எண்ணி வெட்கப்பட வேண்டாம். முதல் வாரம் பாதி வேகத்தில் ஓடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஓட்டத்தைவிடப் படி ஏறுவதைப் பழகுங்கள். இந்த ஊரில் காப்பாற்றப்போவது அந்தப் பழக்கம்தான்.

உடுப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு முழு மாற்று உடையும் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸும் பாலிதீன் பையில் கட்டி வண்டியிலேயே இருக்கட்டும். நனைந்த உடையோடு இரவு இரண்டு மணிக்கு மலைக்காற்றில் நின்றால் விரல்கள் மரத்துவிடும், முடிச்சு போட வராது. நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றைச் சொந்தக் காசிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஹோஸ் இழுக்க முடியாது.

பணி மாறும் காலை

நான் இருந்த நிலையங்களில் 24 மணி நேரம் பணி, அடுத்த 24 மணி நேரம் ஓய்வு என்ற முறைதான் நடந்தது. காலையில் வருகைப் பதிவு, அணிவகுப்பு, பிறகு வண்டிச் சோதனை. புதியவர்கள் இந்தச் சோதனையைச் சடங்காக நினைத்துவிடுகிறார்கள். மலையில் அது உயிர்ச் சங்கதி.

முதலில் தண்ணீர்த் தொட்டி. வழக்கமான பெரிய வண்டியில் 4,500 லிட்டர் பிடிக்கும், அதாவது நாலரை டன் எடை. தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தால் தண்ணீர் அசையாது. பாதி நிரம்பிய தொட்டிதான் ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கமாகப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் ஒன்றில் இதை ஒருமுறை உணர்ந்தவர் பிறகு பாதித் தொட்டியோடு புறப்படமாட்டார். தீயை அணைத்துவிட்டுத் திரும்பும்போதும் இதே விதிதான். வழியில் நிரப்ப முடிந்தால் நிரப்புங்கள், முடியாவிட்டால் மீதித் தண்ணீரைச் சரிவு பாதிக்காத இடத்தில் வடித்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்து ஹோஸ். ஒவ்வொன்றையும் பிரித்து, கப்ளிங்கின் (இரண்டு ஹோஸ்களை இணைக்கும் உலோக முனை) ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். மூடுபனிக் காலத்தில் ஹோஸ் நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். காயாததைச் சுருட்டி வைத்தால் மடிப்பில் பூஞ்சை பிடித்து, வேலை நேரத்தில் சரியாக அந்த மடிப்பிலேயே கிழியும். வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காமல் விரித்துப் போடுங்கள். பிரேக், மூச்சுக்கருவி உருளையின் அழுத்தம், மரம் அறுக்கும் இயந்திரத்தின் சங்கிலி, கயிறுகள் ஆகியவற்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திடுங்கள்.

உறைபனிக் காலத்தில், அதாவது டிசம்பர், ஜனவரி மாதங்களில், தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வண்டியின் முன் கண்ணாடியில் பனி உறைந்தால் கொதிநீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும். குளிர்ந்த நீரும் துணியும் போதும்.

101 அழைப்பை எடுக்கும்போது

அழைப்புகளை எடுக்கும் வாட்ச் ரூமில் முதன்முதலாக உட்கார வைக்கப்படும் நாளில் கை நடுங்கும். என்ன எரிகிறது, எங்கே, யாராவது உள்ளே இருக்கிறார்களா, அழைப்பவரின் எண் என்ன என்று கேட்கத் தாம்பரத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். மலையில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும். வண்டி எதுவரை வரும்? அங்கிருந்து மேலேயா, கீழேயா? எத்தனை படி அல்லது எவ்வளவு தூரம் நடை?

என் முதல் ஆண்டில் குன்னூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. நான் இடத்தின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டேன், படி கேட்கவில்லை. வண்டி போய் நின்ற இடத்திலிருந்து 15 மீட்டர் ஹோஸ் இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினோம். படி ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது ஹோஸ் முடிந்த இடத்தில், தலைக்கு மேலே, தகரக் கூரை சிவந்துகொண்டிருந்தது. ஒரு பெண்மணி தலையில் குடத்தோடு எங்களைக் கடந்து ஏறிப் போனார். மீண்டும் கீழே இறங்கி மேலும் ஹோஸ்கள் எடுத்து வருவதற்குள் கூரை உள்ளே விழுந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தப் பெண்மணி கடந்துபோனபோது என் தோளில் பட்ட குடத்தின் ஈரம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து, கண் எத்தனை ஹோஸ் என்று கணக்குச் சொல்கிறதோ அதற்கு மேல் இரண்டு எடுத்துச் செல்வது என் வழக்கமானது.

இடத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். காந்திநகர், அண்ணாநகர் போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் இருக்கும். தோட்டத் தொழிலாளர்கள் "அஞ்சாம் நம்பர் காடு" என்பார்கள். காடு என்றால் தேயிலை நட்ட பகுதி. எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று கேட்காமல் ரிசீவரை வைக்காதீர்கள். படகர் ஊர்களின் பெயர்களில் பல "ஹட்டி" என்றே முடியும், அவசரத்தில் ஒன்று இன்னொன்றாகக் கேட்கும். பக்கத்து பஸ் நிறுத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். கூடலூர், பந்தலூரில் மலையாளம் கலந்து பேசுபவர்கள் அதிகம். அச்சத்தில் மனிதர் தாய்மொழியில்தான் பேசுவார். அந்த மொழியில் பத்துச் சொல்லாவது தெரிந்து வைத்திருங்கள்.

மலையைக் காலால் படித்தல்

முதல் மூன்று மாதத்தில் இதைச் செய்து முடியுங்கள். உங்கள் நிலையத்தின் எல்லையில் வண்டி போகும் ஒவ்வொரு சாலையிலும் ஒருமுறையாவது முன் இருக்கையில் அமர்ந்து போங்கள். வண்டி போகாத குடியிருப்புகளுக்கு ஓய்வு நாளில் நடந்து போங்கள். சிறிய நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே பாலம் குறுகல், எங்கே வண்டியைத் திருப்ப இடம் உண்டு, எந்த வளைவில் எதிர் வண்டி தெரியாது, எந்தக் குடியிருப்புக்கு எத்தனை படி.

தண்ணீர் இருக்கும் இடங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 4,500 லிட்டர் என்பது ஒரு பெரிய பிராஞ்சை, அதாவது ஹோஸின் நுனியில் தண்ணீரைப் பீச்சும் குழலை, திறந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தேயிலைத் தொழிற்சாலைத் தொட்டிகள், தடுப்பணைகள், ஓடைகள், ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிகள், பெரிய பள்ளிகளின் தொட்டிகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். கோடையில் எது வற்றும், யாரிடம் சாவி இருக்கிறது என்பதும் வேண்டும். சாவி வைத்திருப்பவர் வீட்டில் ஒருமுறை தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டும்போது அந்த அறிமுகம் உதவும்.

2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப் படை ஹெலிகாப்டர் விழுந்தபோது, வண்டியை விழுந்த இடம்வரை கொண்டுபோக முடியவில்லை. குடங்களில் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டியிருந்தது. ஊர் மக்கள் போர்வைகளைக் கொடுத்தார்கள், அவற்றில் வைத்தே காயமடைந்தவர்களைத் தூக்கினார்கள். மலையில் எந்தப் பெரிய விபத்திலும் உங்களுக்கு முன்னால் அங்கே நிற்பவர்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்களை விரட்டாதீர்கள். இரண்டு பேரை அழைத்து வேலை கொடுங்கள்.

தண்ணீரை மேலே ஏற்றும் கணக்கு

இந்தப் பகுதியை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய 1 பார் அழுத்தம் செலவாகும். நூறு படி என்பது சுமார் 16 மீட்டர் உயரம். ஆகவே, மேலே பிராஞ்சில் வேண்டிய அழுத்தத்தோடு 1.6 பாரும், ஹோஸுக்குள் உராய்வில் போவதும் சேர்த்துப் பம்பு இயக்குபவர் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர் "தண்ணீர் போதவில்லை" என்று கத்திய பிறகு கூட்டுவதைவிட, எத்தனை படி என்பதை முன்பே கீழே சொல்லிவிட்டுப் போவது நல்லது.

63 மில்லிமீட்டர் ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்கு நிரம்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டும் 46, 47 கிலோ எடை. நிரம்பிய ஹோஸைப் படியில் இழுத்து ஏற்ற இருவரால்கூட முடியாது. காலியாக விரித்து, மேலே ஆள் தயாரான பிறகே தண்ணீர் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் எடை முழுவதும் கீழே இழுக்கும். ஒவ்வொரு நீளத்துக்கும் ஓரிடத்தில் கைப்பிடிக் கம்பியிலோ மரத்தடியிலோ கயிறு கட்டி நிறுத்துங்கள். கட்டாமல் விட்டால் கப்ளிங் படிகளில் தடதடவென்று சரிந்து பிராஞ்ச் பிடித்தவரையே பின்னால் இழுத்துவிடும்.

கீழே ஓடையிலிருந்து உறிஞ்சும்போது வேறொரு கணக்கு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீட்டர் வரை தள்ளும், நடைமுறையில் 7 மீட்டர் கிடைக்கும். ஊட்டி உயரத்தில் அந்த உச்ச அளவே 8 மீட்டருக்குச் சற்றுக் குறைந்துவிடுகிறது. பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 5 மீட்டருக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள். சமவெளி நினைவில் ஆழமான பள்ளத்துக்குச் சக்‌ஷன் குழாயை இறக்கிவிட்டு, பம்பு பழுது என்று திட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பம்பில் குறை எதுவும் இல்லை.

மூச்சுக்கருவியும் இப்படித்தான். 6 லிட்டர் உருளையில் 300 பார் காற்று இருந்தால் கணக்குப்படி 45 நிமிடம். படி ஏறி மூச்சிரைக்கும் ஆளுக்கு அது பாதியாகிவிடும். கருவியை முதுகில் சுமந்தபடி ஏறி, வாசலில் ஒரு நிமிடம் நின்று மூச்சு அடங்கிய பிறகு முகமூடியை மாட்டுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

உறைபனி புல்லைக் கருக்கிவிடும், பின்னால் வரும் வெயில் அதைச் சருகாக்கும். காட்டுத் தீ பெரும்பாலும் அப்போதுதான். சோலைக்காடு ஈரமானது, எளிதில் பற்றாது. புல்வெளியும் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பும் சீகைத் (வாட்டில்) தோப்பும்தான் எரியும். கற்பூர மரத்தின் உரிந்த பட்டை எரிந்தபடியே காற்றில் பறந்து அடுத்த சரிவில் விழும். முன்னால் உள்ள தீயை மட்டும் பார்க்காமல் பின்னால் ஒருவரைக் காவல் நிறுத்துங்கள்.

காடு வனத்துறையின் பொறுப்பு. நாம் துணைக்குப் போகிறோம், பாதை தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சொல்வதைக் கேளுங்கள். பச்சைக் கிளையால் அடிப்பது, சருகைக் கூட்டித் தடுப்புக் கோடு போடுவது எல்லாம் அவர்களிடம் கற்க வேண்டியவை. ஒரு விதி மட்டும் என்னுடையது: தீக்கு மேல்புறச் சரிவில் நிற்கவே நிற்காதீர்கள். சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரு மேடுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பள்ளம் புகைபோக்கியைப் போல் தீயை மேலே இழுக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து 20 பேருக்கும் மேல் உயிரிழந்ததை மறந்துவிடாதீர்கள். எரிந்து முடிந்த கருநிலம் எங்கே இருக்கிறது என்று எப்போதும் பார்த்து வைத்திருங்கள், ஒதுங்க அதுவே இடம். 2024 மார்ச்சில் குன்னூரில் எரிந்த காட்டை அணைக்க விமானப் படையின் ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. அப்போதும் தரையில் கிளை பிடித்த கைகளுக்கு வேலை குறையவில்லை.

கற்பூர மர இலையிலிருந்து தைலம் காய்ச்சும் கொட்டகையில் தீப்பிடித்தால் தண்ணீரைப் பீச்சி அடிக்காதீர்கள். தைலம் மிதந்து பரவும். நுரைதான் சரி.

மழை

தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சியை நனைக்கும், வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2009 நவம்பர் மண்சரிவுகளில் மாவட்டம் முழுவதும் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மழைக்காலத்தில் தீ அழைப்பு குறைவு, மரமும் மண்ணும்தான் வேலை.

சாய்ந்த மரத்தை அறுக்கும் முன் மின்வாரியத்திடம் லைன் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யுங்கள். வளைந்து கிடக்கும் மரத்தில் அமுங்கிய பக்கத்தில் சிறிதாக வெட்டிவிட்டு, பிறகு இழுபட்டு விறைத்த பக்கத்தை அறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மரம் பிளந்து முகத்தில் அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தவுடன் வேர்க்கட்டி திடீரென்று நிமிர்ந்து பழைய குழியில் உட்காரும். அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களும்தான்.

மண்ணில் புதைந்தவர் மீட்புதான் இந்த மலையின் கடினமான பாடம். 2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேல் காந்திநகரில் தடுப்புச் சுவருக்காக மண் தோண்டியபோது சரிவு ஏற்பட்டு ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது மழைக்காலமும் அல்ல. இப்படிப்பட்ட இடத்தில் முதலில் வெட்டின் விளிம்பில் கூடியிருப்பவர்களை விலக்குங்கள், பக்கத்தில் ஓடும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்துங்கள். மேல் வெட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க, விசிலோடு ஒருவரை நிறுத்துங்கள். ஈர மண் ஒரு கன மீட்டர் இரண்டு டன் அளவுக்கு எடையிருக்கும், மறுபடி சரிந்தால் மீட்க வந்தவரும் உள்ளே. ஆள் இருக்கும் இடம் தெரிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டுங்கள். முகம், அடுத்து மார்பு. மார்பை அழுத்தும் மண் போனால்தான் அவரால் மூச்சை இழுக்க முடியும்.

வாசனையில்லாத புகை

குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குபவர்கள் உண்டு, சுற்றுலா வந்தவர்களும், வேலைக்கு வந்த தொழிலாளர்களும். காலையில் கதவு திறக்கவில்லை என்று அழைப்பு வரும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கதவு, ஜன்னலைத் திறந்து ஆட்களை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், உடனே 108. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் பள்ளிகளுக்குப் போகும்போது எரிவாயு அடுப்பைப் பற்றிப் பேசுவதோடு இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் உயிர் கொடுத்த தீயணைப்பு வீரர்களை நினைக்கும் வாரத்தில் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

சாலை, இரவு, வீடு

மூடுபனியில் சைரனை நம்பாதீர்கள், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எதிரே வருபவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடியுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய விதி, பழையதானாலும் சரியான விதி. பலாப்பழக் காலத்தில் பர்லியார், குஞ்சப்பனைச் சாலைகளில் யானை நின்றால் சைரனை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். தேயிலைக்குள் இரவில் நடக்க வேண்டியிருந்தால் தனியே போகாதீர்கள், காட்டெருமை படுத்திருக்கும்.

மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் விடுப்பு கேட்க வேண்டாம், கிடைக்காது. சாலையில் வண்டிகள் ஊர்ந்து நிற்க, ஐந்து நிமிடத் தூரம் அரை மணி நேரமாகும். அந்த நாள்களில் மாற்றுப் பாதை குறித்த நோட்டுப் புத்தகம்தான் உங்களுக்குத் துணை.

இரவில் பூட்ஸைக் கட்டிலருகே, கால் நேராக நுழையும்படி வையுங்கள். தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். கெட்ட அழைப்புக்குப் பிறகு யாரும் பேசாமல் சூடாகத் தேநீர் குடிக்கும் அரை மணி நேரம் உண்டு. அதில் நீங்களும் உட்காருங்கள், அறைக்குப் போய்த் தனியே படுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அன்று மனம் சரியில்லை என்பதையாவது சொல்லுங்கள்.

மறுநாள் காலை அடுத்த அணி வந்ததும் வண்டியை ஒப்படைக்கிறோம். நனைந்த பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைக்கிறோம். அதற்கு முன், இரவில் பார்த்தவற்றை வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: காட்டேரி வளைவில் பாதிச் சாலைக்கு மண் கிடக்கிறது, மூன்றாவது ஹோஸின் கப்ளிங் கசிகிறது, மேல் காலனிக்குப் போகும் படியில் விளக்கு எரியவில்லை, படி நூற்றுப் பதினான்கு.